கழுத்துக் குழாயில் ஒட்டிய பூஞ்சை

எனக்கு வந்தது என்ன நோய் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். வயிறு ஓட்டையாகிவிட்டது என்பார் ஒருவர். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்பார் இன்னொருவர். டீக்கடையில் ஒருநாள் என்னை வைத்துக்கொண்டே ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார், ஆஸ்பத்திரிக் குழாயில் பூஞ்சை பிடித்து அது கண்ணுக்குப் போய்விட்டது என்று. கேட்டவர் என் கழுத்தையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே என்ன வழி என்று அவருக்குப் பிடிபடவில்லை, பாவம். அவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். படுத்துக் கிடந்த எனக்கே அது இன்னும் முழுசாகப் புரியவில்லை என்பதும் உண்மைதான். யாரைத் திட்டுவது என்று தெரியாமலேயே ஒரு நோயிலிருந்து எழுந்து வந்திருக்கிறேன். என் மாதிரி ஆளுக்கு அது பெரிய தண்டனை.

உத்திரமேரூரில் நான் தண்ணீர் கேன் போடுகிறவன். இருபது லிட்டர் கேன். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் எங்கள் வண்டி போகும். கல்யாணம், காதுகுத்து, சாவு, எதுவானாலும் தண்ணீர் வேண்டுமே. தோளில் கேன் சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டது. இடுப்புக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்தேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீ, ஒரு மாத்திரை. நாஷ்டா பத்து மணிக்கு மேல்தான். வருஷக் கணக்கில் இப்படியே ஓட்டினேன். என் மனைவி கஸ்தூரி சொல்லிப் பார்த்தாள். சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை நான்.

மானாம்பதி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. கேனோடு சேர்ந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு பலகையாக இறுகிப்போனது. என் மச்சான் எத்திராஜ், கஸ்தூரியின் தம்பி, வண்டி ஓட்டுவது அவன்தான். கேன் வண்டியிலேயே என்னைப் போட்டுக்கொண்டு போனான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர் வயிற்றை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கே நிற்காதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, குறை சொல்லலாமா என்பதும் தெரியவில்லை. மாத்திரை தின்று தின்று இரைப்பையில் புண்ணாகி, அந்தப் புண் ஓட்டையாகி, உள்ளே இருந்ததெல்லாம் வயிற்றுக்குள் கொட்டிவிட்டது என்றார்கள். வயிற்றைத் திறந்து கழுவி, ஓட்டையைத் தைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை. தைத்த இடம் கசிந்தது. மறுபடியும் திறந்தார்கள். இனி தையல் ஆறுகிற வரைக்கும் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடப் போகக் கூடாது என்றார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் போடுகிறவனுக்கு ஈரப் பஞ்சால் உதட்டைத் தொட்டு எடுத்தார்கள்.

சாப்பாடு வாயால் போக முடியாததால் ரத்தம் வழியாகவே தர வேண்டும். கையில் சின்ன ஊசி போடுகிற நரம்பு அந்தச் சத்து மருந்தைத் தாங்காதாம். அதனால் கழுத்தில் ஓடுகிற பெரிய ரத்தநாளத்துக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நுழைத்து, இதயத்துக்குக் கிட்டே வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தித் தோலோடு தைத்துவிட்டார்கள். வெளியே மூன்று வால் மாதிரித் தொங்கியது. ஒரு வாலில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு பை, இன்னொன்றில் ஆன்டிபயாடிக், மூன்றாவதில் வேறு ஏதோ. கஸ்தூரிக்கு அந்த வெள்ளைப் பையைப் பார்த்தால்தான் நிம்மதி. பை பாதி இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு, 'சாப்ட்டியா' என்று கேட்பதற்குப் பதில், 'இறங்கிக்கினு கீது' என்று எனக்குச் சொல்வாள். அந்தக் குழாய்தான் என் உயிர் என்று எங்கள் இரண்டு பேர் மனசிலும் பதிந்துபோனது.

கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிறு கெட்டுப்போனவனுக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும் என்று ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். காய்ச்சல் போகவில்லை. இன்னும் பெரிய ஆன்டிபயாடிக்காக மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை. ஐ.சி.யூ. என்கிற இடத்தில் விளக்கு அணைவதே இல்லை, அதனால் எது காலை எது மாலை என்று தெரியாது. வெள்ளைப் பையை மாற்றிவிட்டுக் குழாயில் மருந்தை ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் குளிர் வரும். கட்டில் ஆடுகிற குளிர். அப்புறம் அனல். அப்புறம் வேர்வை. அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

நாக்கில் வெள்ளையாக ஒரு படலம் வேறு. கஸ்தூரி அதைப் பார்த்துவிட்டு, பையில் போகிற பால்தான் நாக்கு வழியாகக் கசிகிறது என்று நினைத்துவிட்டாள். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். வரவில்லை. கொஞ்சம் அழுத்தித் தேய்த்ததும் அடியில் ரத்தம் துளிர்த்தது. நர்ஸம்மா பார்த்துவிட்டு, 'தேய்க்காதீங்கம்மா, அது தோலோட ஒட்டிக்கிட்டு இருக்கும்' என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

அன்றைக்குக் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம், கழுத்துக் குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம், தனித்தனிப் புட்டிகளில் எடுத்தார்கள். கல்ச்சர் என்றார்கள். ரத்தத்தைச் சத்துத் தண்ணீரில் வைத்துக் கதகதப்பாகப் பார்த்துக்கொண்டால், அதில் கிருமி இருந்தால் வளருமாம். வளர்ந்த பிறகுதான் அது யார் என்று சொல்ல முடியும். அதுவரை காத்திருக்க வேண்டும். ஐ.சி.யூ.வுக்கு வெளியே ஒரு நீளமான வராந்தா, வரிசையாக இரும்பு நாற்காலிகள். கஸ்தூரி அங்கேயே கிடந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்களின் நோயெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சொந்தப் புருஷனுக்கு என்ன என்பது மட்டும் தெரியவில்லை.

எங்களைப் பார்த்துக்கொண்டது ஒரு இளம் டாக்டரம்மா. பொறுமைசாலி. என் மாதிரி ஆளிடம் பொறுமையாக இருந்தார் என்றால் அதற்கே தனியாக ஒரு பட்டம் தர வேண்டும். அவர்தான் வந்து, ரத்தத்தில் ஈஸ்ட் வளர்ந்திருக்கிறது என்றார். பன்னில் போடுவார்களே, அந்த ஈஸ்ட்டா என்று கேட்டேன். அதற்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதற்குப் பேர் கேண்டிடா என்றார். பாக்டீரியா இல்லை, வைரஸும் இல்லை, பூஞ்சை வகை. அதனால்தான் அத்தனை ஆன்டிபயாடிக்குக்கும் அசையவில்லை. அசையாதது மட்டும் இல்லை, அந்த மருந்துகள் குடலில் இருந்த மற்றக் கிருமிகளைக் கொன்று இதற்கு இடம் காலி பண்ணிக் கொடுத்திருக்கின்றன.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான். எங்கிருந்து வந்தது? யார் கையிலிருந்து வந்தது? எந்த நர்ஸ், எந்த ஊசி, எந்த அழுக்குத் துணி? டாக்டரம்மா சொன்னார்.

'பெரும்பாலும் உங்ககிட்டருந்துதான். எல்லார் வாயிலயும் குடல்லயும் இது கொஞ்சம் இருக்கும். சும்மா இருக்கும். உங்களுக்கு வயிறு கிழிஞ்சதுல அதுக்கு வழி கிடைச்சிருக்கலாம்.'

அப்படியென்றால் தோலிலிருந்து வந்திருக்க முடியாதா என்றேன். வந்திருக்கலாம் என்றார். யாருடைய கையிலாவது இருந்து? அதுவும் நடப்பதுண்டு என்றார். இத்தனை 'லாம்' போட்டால் ஒரு மனிதன் யார் மேல் கோபப்படுவது? நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவர் விடவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டே விளக்கினார். பிளாஸ்டிக் குழாயை ரத்தத்துக்குள் விட்டதும் நம் ரத்தமே அதன் மேல் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசிவிடுமாம். பூஞ்சையின் மேல்தோலில் ஒட்டுவதற்கென்றே சில புரதங்கள் உண்டு. நாயுருவி வேட்டியில் ஒட்டுவது போல அது அந்தப் பூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று ஒட்டினால் அதன் மேல் இன்னொன்று. அப்புறம் உருண்டையாக இருப்பது நூல் மாதிரி நீள ஆரம்பிக்கும். நூலெல்லாம் பின்னிக்கொண்டு, மேலே வழவழவென்று ஒன்றைச் சுரந்து மூடிக்கொள்ளும். அந்தப் போர்வைக்குள் மருந்து சரியாகப் போகாது. நாக்கிலும் இதே கதைதான், பிளாஸ்டிக்குக்குப் பதில் அங்கே நம் தோல். குழாயிலிருந்து அவ்வப்போது சில பிய்த்துக்கொண்டு ரத்தத்தில் போகும். போய் வேறு எங்காவது ஒட்டும். இதயத்து வால்வில் ஒட்டலாம், சிறுநீரகத்தில் ஒட்டலாம், கண்ணுக்குள் ஒட்டலாம்.

ஆக, ஒட்டினது என் குடலில் இருந்தது, ஒட்டப் பூச்சுப் பூசிக் கொடுத்தது என் ரத்தம். இதில் வெளியாள் அந்தப் பிளாஸ்டிக் ஒன்றுதான். அதையும் என்னைக் காப்பாற்றத்தான் வைத்திருந்தார்கள். எனக்குத் தலை சுற்றியது, காய்ச்சலால் சுற்றியதா இதனால் சுற்றியதா என்று சொல்லத் தெரியவில்லை.

பூஞ்சைக்கான மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். விலை உயர்ந்த மருந்து. எத்திராஜ் எங்கெங்கோ அலைந்து ஐஸ் பெட்டியில் வைத்து வாங்கி வந்தான். ஆனால் மருந்து மட்டும் போதாது, கழுத்துக் குழாயை எடுத்தாக வேண்டும், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, சம்மதித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டரம்மா கஸ்தூரியிடம் கேட்டார்.

'குழாய எடுக்க வேணாம்' என்றாள் கஸ்தூரி.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஐ.சி.யூ.வில் இருக்கிறவருக்குக் குழாயை எடுக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் அந்தச் செய்தியை போனில் சொன்னால் கேட்கிறவர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். பந்தல்காரருக்குச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். கஸ்தூரியின் அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. இதே மாதிரி ஒரு வராந்தாவில் அவளைக் கூப்பிட்டு, குழாயையெல்லாம் எடுத்துவிடுகிறோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். ஆம்புலன்ஸ் உத்திரமேரூர் ஏரிக்கரை வளைவு திரும்புவதற்குள் மாமனார் போய்விட்டார். கையெழுத்துப் போட்டது அவள். அதற்குப் பிறகு அவள் எந்த ஆஸ்பத்திரியிலும் பேனாவைக் கையில் எடுத்ததில்லை.

டாக்டரம்மா மறுபடியும் சொன்னார். கேண்டிடா, பிளாஸ்டிக், படலம், மருந்து உள்ளே போகாது. எல்லாம் சரிதான் என்று கஸ்தூரி தலையாட்டினாள். கையெழுத்து மட்டும் போடவில்லை. என்னிடம் வந்து கேட்டார்கள். நானும் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், வேண்டாம் என்றது நாங்கள் இரண்டு பேரும். சாப்பாடு அந்தக் குழாயில் வருகிறது, அதைப் பிடுங்குகிறேன் என்கிறார்கள், அப்புறம் நான் எதைத் தின்று உயிரோடு இருப்பேன் என்றுதான் எனக்கு ஓடியது. கை விட்டுவிட்டார்கள், நாசூக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ரொம்பப் பயமாக இருந்தது.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து கோபித்துக்கொண்டார். அவர் கோபித்துக்கொண்டதும் கஸ்தூரிக்குச் சந்தேகம் இன்னும் உறுதியாகிவிட்டது. அப்பாவின் விஷயத்திலும் கடைசியில் இப்படித்தான் கோபித்துக்கொண்டார்களாம்.

இதற்குள் எத்திராஜ் போனில் யாரிடமோ, குழாய எடுக்கணும்னு சொல்றாங்க என்று உளறிவிட்டான். அவ்வளவுதான். மறுநாள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து என் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். செய்யாறில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது, அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. என் சித்தப்பா மகன் வாய் பேசாமல் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனும் நானும் வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேசுவதில்லை. அவன் அழுததைப் பார்த்ததும்தான், நான் நிஜமாகவே சாகப் போகிறேன் என்று எனக்கு நிச்சயமானது. பிறகு தெரிந்தது, என் வீட்டு வாசலுக்கு அவர்கள் தண்ணீர் கேன் கூடச் சொல்லி வைத்திருந்தார்கள். அதையும் என் கம்பெனியிலேயே சொல்லியிருந்தார்கள். வேலைக்காரப் பையன் ஆர்டர் எடுத்து, எந்த வீடு என்று கேட்டிருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் வெள்ளைப் பையை மாற்றி, குழாயில் மருந்தைத் தள்ளினார்கள். சொல்லி வைத்த மாதிரிக் குளிர் வந்தது. பல் கிட்டிக்கொண்டது. அது அடங்கிய பிறகு மல்லாந்து கிடந்து யோசித்தேன். எத்தனையோ நாளாக இது நடக்கிறது, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குழாயில் ஏதாவது உள்ளே போனால்தான் குளிர் வருகிறது. கையில் ஊசி போட்டால் வருவதில்லை.

என் தொழிலில் இது தினமும் பார்க்கிற விஷயம். வெயிலில் கிடந்த கேனின் உள்பக்கம் விரலை விட்டால் வழுக்கும். பார்வைக்குத் தண்ணீர் பளிங்காக இருக்கும். எவ்வளவு மருந்து ஊற்றிக் குலுக்கினாலும் அந்த வழவழப்பு கொஞ்சம் எங்காவது தங்கிவிடும், ரெண்டே நாளில் திரும்ப முழுசாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கேனில் எத்தனை நல்ல தண்ணீரை ஊற்றினாலும் வாடைதான் வரும். டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

'கேனுக்குள்ள வழவழன்னு புடிக்குமே, அந்த மாதிரியா டாக்டர் இது?' என்றேன்.

'அதேதான்' என்றார்.

'அப்ப இத்த கழுவிக்கினு இருந்து பிரயோஜனம் இல்ல. கேன தூக்கித்தான் போடணும்.'

அவர் சிரித்தார், கொஞ்சம் ஓய்ந்துபோன சிரிப்பு. இதைத்தான் நான் ரெண்டு நாளாகச் சொல்கிறேன் என்றார். கஸ்தூரியை உள்ளே கூப்பிட்டார்கள். நான் கேன் கதையை அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கேன் விஷயம் அவளுக்கும் தெரியாததா. ஆனால் முகம் இளகவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

'எடுத்தப்புறம் இவர இங்கயே வச்சிருப்பீங்களா? இல்ல, வூட்டுக்கு இட்டுனு போன்னு சொல்லிடுவீங்களா?'

டாக்டரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். 'இங்கதாம்மா இருப்பார். பழைய குழாயை எடுத்துட்டு, ரத்தம் சுத்தமானதும் வேற பக்கம் புதுசு போடுவோம். அவர் நடந்து வீட்டுக்கு வரணும்னுதான் எடுக்கச் சொல்றோம்.'

கஸ்தூரி பேனாவை வாங்கிக்கொண்டாள். பெயரில் ஒரு எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அத்தனை பேர் அத்தனை தடவை பூஞ்சையைப் பற்றி விளக்கினார்கள். இந்த ஒரு வரியை மட்டும் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

குழாயை எடுத்தபோது வலிக்கவே இல்லை. நுனியைக் கத்தரித்து ஒரு புட்டியில் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்கடுத்த நாளே குளிர் நின்றது. காய்ச்சல் மெதுவாக இறங்கியது. வேனில் வந்தவர்கள் ஏமாந்த மாதிரியும் சந்தோஷப்பட்ட மாதிரியும் ஊர் திரும்பினார்கள். சித்தப்பா மகன் மறுபடியும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

ரத்தத்தில் இந்தப் பூஞ்சை வந்தவர்களுக்குக் கண்ணையும் இதயத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சுத்தம் என்றார்கள். கண்ணுக்கு மருந்து விட்டு, கண் பாப்பா விரிகிற வரைக்கும் காக்க வைத்து, கண் டாக்டர் ஒரு வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். வலது கண்ணைச் சீக்கிரம் முடித்துவிட்டார். இடது கண்ணில் ரொம்ப நேரம் நின்றார். பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பாருங்கள் என்றார். மூடினேன். எதிரே இருந்த அவர் முகம் இல்லை. ஒரு புகைக்குள் வெள்ளைக் கோட்டு மட்டும் இருந்தது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ஐ.சி.யூ. கூரையையே பார்த்துக் கிடந்தவனுக்கு, ஒரு கண் போய்க்கொண்டிருந்தது தெரியவே இல்லை.

விழித்திரையில் பஞ்சுப் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கிறது என்றார். கண்ணுக்குள் நேராக ஊசி போட்டார்கள். கண்ணுக்குள் ஊசி என்றதும் உங்களுக்கு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எனக்கும் இருந்தது. மாத்திரையும் கொடுத்தார்கள், நீண்ட நாளைக்கு. அது வளராமல் நின்றது. போன பார்வை வரவில்லை. இப்போது இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், அசைவு தெரியும், ஆள் தெரியாது. இடது பக்கம் இருக்கிறவரைப் பார்க்க வேண்டும் என்றால் தலையை முழுசாகத் திருப்ப வேண்டும்.

வயிற்றுத் தையலும் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு குழப்பம் வேறு ரூபத்தில் தொடர்ந்தது. ஈஸ்ட் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, புளித்தது எதுவும் கூடாது என்று தெருவே முடிவு செய்துவிட்டது. இட்லி நின்றது, தோசை நின்றது, மோர் நின்றது. ரொம்ப நாள் கழித்து டாக்டரம்மாவிடம் கேட்டபோது, இட்லியை எதற்காக நிறுத்தினீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். உப்புமா தின்ற நாட்களுக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? தொழிலை எத்திராஜ் பார்த்துக்கொள்கிறான். நான் கேன் கழுவுகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வழுக்குகிற கேனையெல்லாம் ஓரம் கட்டுகிறேன். எனக்குப் பைத்தியம் என்று வேலைக்காரர்கள் நினைக்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

கஸ்தூரி மட்டும் மாறிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் இருக்கிறாள். இருபத்தைந்து வருஷமாக என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்றவள் இப்படி அடங்கிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே போனால் என் இடது பக்கமாக வருகிறாள். ரோட்டில் வண்டி வருவது அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதே, அதற்காக வருகிறாள் என்று நினைத்தேன். கோயிலில் இடது பக்கம், வீட்டில் சாப்பிடும்போது கூட இடது பக்கம். எனக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஊரிலும் சொன்னார்கள், எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் பார் என்று.

போன மாதம் கண் டாக்டரிடம் கடைசி முறையாகக் காட்டப் போயிருந்தோம். வடு ஆறிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம், பார்வை இவ்வளவுதான் என்று சொன்னார். எழுந்திருக்கப் போனேன். கஸ்தூரி எழுந்திருக்கவில்லை.

'குழாய எடுக்கணும்னு சொன்ன அன்னிக்கே நான் கையெழுத்து போட்டிருந்தா, இவரு கண்ணு தப்பிச்சிருக்குமா சார்?'

டாக்டர் நல்ல மனிதர். பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். தப்பித்திருக்கலாம் என்றார். அதற்கு முன்னாலேயே கண்ணுக்கு வந்திருக்கவும் செய்யலாம், எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதம்மா என்றார். கஸ்தூரி சரிங்க சார் என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

உத்திரமேரூர் பஸ்ஸில் அவள் வழக்கம்போல ஜன்னல் ஓரம், என் இடது பக்கம். பஸ் கிளம்பியது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று நானும்தானே தலையாட்டினேன், படுத்துக் கிடந்தவன் சம்மதிக்காமல் அவர்கள் எப்படி எடுத்திருப்பார்கள், நீ என்னமோ தனியாக முடிவு பண்ணின மாதிரி அவரிடம் போய்க் கேட்கிறாயே என்று திட்டினேன். பதில் இல்லை. ஜன்னல் காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று தலையை முழுசாகத் திருப்பினேன்.

முகம் முழுக்க நனைந்திருந்தது. சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள், இன்றைக்கு ஆரம்பித்த அழுகை மாதிரி இல்லை. நான் திரும்பியதும் முந்தானையால் துடைத்துக்கொள்ளக் கூடத் தோன்றாமல் அப்படியே என்னைப் பார்த்தாள். ரோட்டில், கோயிலில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், இத்தனை மாதமாக அவள் அந்தப் பக்கமே வந்து உட்கார்ந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். பஸ் ஆடியது, கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

'நீ இந்தாண்ட வந்து குந்து' என்றேன். 'ஜன்னல் பக்கம் நான் போறேன்.'